தின்னரால் துடைத்த தகடு

விதரிங் ட்ரஃப், அதாவது கொழுந்து வாட்டும் தொட்டியின் விசிறி மோட்டர் ஒன்றை நான் எரித்திருக்கிறேன். ஹட்டன் பக்கம் ஒரு தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், பதினெட்டு வருடமாக பிட்டர் வேலை. அந்த மோட்டரின் பெயர்த்தகடு தூசியும் கிரீசும் ஏறிக் கறுத்துக் கிடந்தது. பார்க்கச் சகிக்காமல் தின்னரில் நனைத்த துணியால் அழுத்தித் துடைத்தேன். அழுக்கோடு எழுத்தும் போய்விட்டது. வெறும் மை அச்சு!

சில மாதம் கழித்து அந்த மோட்டர் கொயில் கட்டப் போய்த் திரும்பி வந்தது. கொயில்களை ஸ்டாராக இணைப்பதா டெல்டாவாக இணைப்பதா என்று பார்க்கத் தகட்டில் ஒன்றுமில்லை. பக்கத்து மோட்டர் டெல்டா, சரி இதுவும் அப்படித்தான் என்று கொடுத்துவிட்டேன். அதுவோ 230/400 மோட்டர், டெல்டாவில் 230 வோல்ட், ஸ்டாரில் 400. எங்கள் 400 வோல்ட் லைனில் ஸ்டாரில் ஓட வேண்டியது. 230 தாங்கும் கொயிலுக்கு 400 போனால்? பத்து நிமிடத்தில் புகை. ஸ்டோரைப் பார்க்கிற டீமேக்கர் ஐயா மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து பார்த்தார், ஒன்றும் பேசாமல் போனார். திட்டியிருந்தால் தேவலை.

அதற்கப்புறம் மேலே ஒட்டிய எழுத்து எதையும் நான் நம்புவதில்லை. ஸ்டிக்கர், கொழுந்தை உருட்டும் ரோலரடியில் ஒரு மாதம் தாங்காது, கொழுந்துச் சாறும் கழுவுகிற தண்ணீரும் ஓரத்தால் நுழைந்துவிடும். இரும்புத் தகடும் அங்கே ஆகாது. தேயிலைச் சாறு இரும்பில் பட்டால் மை மாதிரிக் கறுத்துவிடும். பித்தளை அழகுதான், ஆனால் ஒவ்வொரு ஒடிட்டுக்கும் யாராவது பிராசோ போட்டுத் தேய்ப்பார்கள். மேலாக வெட்டிய எழுத்து தேய்ந்தே மறையும்.

இப்போது நான் பெரும்பாலும் பஞ்ச், அதாவது நுனியில் எழுத்துள்ள இரும்பு அச்சு, வைத்துச் சுத்தியலால் அடிக்கிறேன். ஒன்றரை மில்லிமீற்றர் அலுமினியத் துண்டை தண்டவாளத் துண்டின் மேல் வைத்து, அடிக்கோல் ஒன்றை கிளாம்ப் போட்டு இறுக்கி, அதில் பஞ்ச்சைச் சாய்த்து ஒரே அடி. இரண்டாவது அடி அடித்தால் எழுத்து இரட்டையாக விழும். மோட்டர் உடம்பிலேயே அடிப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும், அந்த அதிர்ச்சி பெயரிங்குக்குத்தான் போகும். தனித் தகட்டில் அடித்து ரிவெட் போடுங்கள், அலுமினிய ரிவெட்டே போடுங்கள். இந்த மலைமூட்டத்தில் அலுமினியமும் இரும்பு ஆணியும் சேர்ந்தால் ஓட்டையைச் சுற்றி வெள்ளைப் பொடி கிளம்பிவிடும். பள்ளத்தில் கறுப்பு பெயின்ட் தடவி மேலே துடைத்துவிடுவேன். பெயின்ட் போனாலும் பள்ளம் இருக்கும், சோக்கட்டியைத் தேய்த்தால் வாசிக்கலாம்.

நம்பர் பெட்டியில் ஆறுக்கும் ஒன்பதுக்கும் ஒரே பஞ்ச்தான், தலைகீழாகப் பிடிக்க வேண்டும். எங்களிடம் ஆறு ரோலர். ஒன்பதாம் நம்பர் ரோலர் ஒன்று இன்றும் ஓடுகிறது.

எவர்சில்வரில் பஞ்ச் சரியாக இறங்காது. அதற்கு உப்புத் தண்ணீரும் 12 வோல்ட் பெற்றரியும் போதும். டேப்பில் எழுத்தை வெட்டி ஒட்டி, தகட்டுக்குப் பிளஸ், உப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சுக்கு மைனஸ் கொடுத்துத் தொட்டுத் தொட்டு எடுத்தால் எழுத்து அரித்து இறங்கும். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், அந்த ஆவி நெஞ்சுக்கு நல்லதல்ல.

டிரையருக்கு மட்டும் கொழும்பில் சொல்லி அனொடைஸ் தகடு எடுத்தோம். சாயம் அலுமினியத்தின் ஒக்சைட் படலத்துக்குள்ளே போய் மூடப்பட்டிருப்பதால் தின்னர், டீசல் எதுவும் அசைக்காது. வாங்கிய அன்றே தின்னர் போட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டேன், பழைய வயிற்றெரிச்சல். கோஸ்டிக் சோடா பட்டால் மட்டும் படலத்தையே தின்றுவிடும், கழுவுகிற பொடியனிடம் அதைச் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஒரு குறை. தமிழ் எழுத்துப் பஞ்ச் நான் கேட்ட கடைகளில் இல்லை. 'கை வைக்காதே' என்பதை எலெக்ட்ரிக் பென்னால் கையால்தான் கீறுகிறேன். பென்னில் புள்ளி சரியாக விழாது. அதனால் மெய்யெழுத்துப் புள்ளிகளுக்கு மட்டும் கூர்நுனி சென்டர் பஞ்ச்சை வைத்து ஒரு தட்டு.