பழைய சிட்டி விடெக்கை விற்ற கதை: விலை கிடைத்தது, எச்.பி. கேன்சலுக்குத்தான் அலைந்தேன்

என்னுடைய 2002 மாடல் ஹோண்டா சிட்டி விடெக் போன வாரம் திருச்சூருக்குப் போய்விட்டது. விலையில் எனக்குக் குறை இல்லை. ஆனால் ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) இருந்த கடன் கம்பெனியின் பெயரை நீக்கி, அதாவது எச்.பி. கேன்சல் செய்து, அந்தப் பணம் கைக்கு வருவதற்குள் ஆர்.டி.ஓ. ஆபீசும் ஒரு வங்கியும் படுத்திய பாட்டை எழுதாமல் இருக்க முடியவில்லை. இருபது வருஷம் தாண்டிய, ஆனால் ரசிகர்கள் தேடும் வண்டி உங்களிடமும் இருந்தால் இதைப் படித்துவிட்டு விளம்பரம் போடுங்கள்.

வண்டியைப் பற்றிச் சுருக்கமாக. 1.5 லிட்டர் விடெக் எஞ்சின், 106 குதிரைத்திறன், எடை குறைந்த தாழ்வான உடம்பு. 2003-ல் ஹோண்டா இந்த உருவத்தையே நிறுத்திவிட்டு உயரமான புது சிட்டியைக் கொண்டுவந்தது. அதில் முதலில் வந்த எஞ்சினுக்கு 77 குதிரைத்திறன்தான். மைலேஜ் கூடியது, மிதித்தால் பாயும் சுகம் போனது. இருங்காட்டுக்கோட்டையிலோ செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயிலோ அந்தக் காலத்தில் ரேஸ் பார்த்தவர்கள் இந்த வண்டியை இன்னும் மறக்கவில்லை. விலை நிற்பதற்குக் காரணம் அதுதான்.

ஆனால் அந்த விலை எல்லார் கண்ணுக்கும் தெரியாது. பழைய கார் வாங்கும் ஆன்லைன் கம்பெனிகளின் பட்டியலில் 2002 என்ற வருஷமே இல்லை. உள்ளூர் கன்சல்டிங்காரர் (பழைய கார் வாங்கி விற்பவர்) வந்து பார்த்தார். பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. “அறுபதாயிரம் தர்றேனுங்க. அடுத்த எஃப்.சி.க்கே பத்தாயிரம் கட்டணும், யாருங்க வாங்குவாங்க?” என்றார். எஃப்.சி. என்று அவர் சொன்னது பதிவு புதுப்பிப்பை. கட்டணத்தைப் பொறுத்தவரை அது சரி. பதினைந்து வருஷம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க முன்பு 600 ரூபாய் இருந்தது. 2022 ஏப்ரலில் அது 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில், இருபது வருஷம் தாண்டிய கார்களுக்கு 10,000 ஆக்கினார்கள். நான் 2022-ல் புதுப்பித்தேன், 2027 வரை செல்லும். பேரம் பேசுகிற ஒவ்வொருவரும் அந்த 2027-ஐத்தான் முதலில் பிடித்துக்கொள்கிறார்கள்.

இன்னொரு சங்கடமும் உண்டு. 2021-ல் வந்த விதிப்படி, முதல் பதிவாகி ஐம்பது வருஷம் தாண்டினால்தான் ஒரு வண்டி விண்டேஜ். அதற்குத் தனிப் பதிவு, தனி நம்பர் பிளேட் எல்லாம் இருக்கிறது. இருபதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில் நிற்கும் சிட்டி, லான்சர், கான்டெஸா எல்லாம் சட்டத்தின் பார்வையில் வெறும் பழைய வண்டிகள். எவ்வளவு ஒழுங்காக வைத்திருந்தாலும் அதற்கென்று ஒரு சலுகையும் கிடையாது. இது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. அதே கன்சல்டிங்காரர், பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் வாங்குபவர் பெயரை எழுதாமல் என் கையெழுத்தை மட்டும் கேட்டார். “எல்லாரும் அப்படித்தானுங்க தர்றாங்க” என்றார். தராதீர்கள். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், விபத்து நடந்தால் நஷ்டஈடும் அவர் தலையில்தான் என்று உச்ச நீதிமன்றம் 2018-லேயே சொல்லிவிட்டது. டீலரிடம்தான் கொடுக்க வேண்டும் என்றால், 2023 ஏப்ரலில் வந்த விதிப்படி அவர் அங்கீகாரம் பெற்றவரா என்று பாருங்கள். படிவம் 29சி மூலம் வண்டி அவர் கைக்குப் போனதைப் பதிவு செய்யாமல் சாவியைக் கொடுக்காதீர்கள்.

விளம்பரம் போட்டதும் இரண்டு வகை ஆட்கள் கூப்பிட்டார்கள். ஒரு வகைக்கு எஞ்சினும் கியர்பாக்ஸும் மட்டும் போதும், உடம்பை என்ன செய்வார்கள் என்று கேட்டால் பதில் வராது. அவர்களும் லட்சத்துக்குக் குறையாமல்தான் பேசினார்கள், ஆனால் எனக்கு மனசு வரவில்லை. மற்ற வகைக்கு வண்டி கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும்.

கடைசியில் வண்டியை வாங்கிய திருச்சூர் தம்பி இந்த இரண்டாவது வகை. அவர் வண்டியைப் பார்த்த விதத்தைப் பார்த்தபோதே விலை படியும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. முதலில் ஒவ்வொரு கண்ணாடியின் மூலையிலும் இருக்கும் பொடி எழுத்தைக் குனிந்து படித்தார். எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே காலத்து முத்திரை என்றால் கண்ணாடி மாற்றவில்லை, பெரிய அடி பட்டிருக்காது என்று அர்த்தம். அடுத்து ஃபெண்டர் போல்ட்டுகள். ஸ்பானர் பட்டிருந்தால் தலையில் பெயின்ட் உதிர்ந்திருக்கும். என் வண்டியில் உதிரவில்லை. எஞ்சின் ஆயில் மூடியைக் கழற்றி, அடிப்பக்கத்தை வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்த்தார். கடைசியாக டெயில் லேம்ப்பைத் தட்டி, “இது ஒரிஜினல்தானே அண்ணா? சென்னை புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் தேடியும் எனக்கு ஒரு செட் கிடைக்கவில்லை” என்றார். இரண்டேகால் லட்சத்துக்கு முடிந்தது. பேரம் பத்து நிமிஷம்கூட இல்லை. நான் பத்திரமாக வைத்திருந்த சர்வீஸ் பில்களை ஒவ்வொன்றாகப் போட்டோ எடுத்துக்கொண்டார். கன்சல்டிங்காரர் சொன்னதுக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள்.

டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கும்போது ஒரே நிபந்தனை வைத்தார்: கேரளாவில் மறுபதிவு செய்ய, நம் ஆர்.டி.ஓ. தரும் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) சுத்தமாக இருக்க வேண்டும். அங்கேதான் மாட்டியது.

முதல் ஓனர் 2002-ல் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் கடன் எடுத்து 2006-ல் அடைத்துவிட்டார். அப்போதே எச்.பி. கேன்சல் செய்து, பழைய ஆர்.சி. புத்தகத்தில் தேதியும் கையெழுத்தும் சீலும் வாங்கிவிட்டார். நான் 2009-ல் வாங்கும்போது ஒரு பிரச்சினையும் இல்லை. 2022-ல் புதுப்பித்தபோது பழைய விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு ஸ்மார்ட் கார்டு கொடுத்தார்கள். அந்தக் கார்டில் பதினாறு வருஷத்துக்கு முன்னால் நீக்கிய கம்பெனியின் பெயர் மறுபடி அச்சாகியிருந்தது! அன்றைக்கே கவுன்ட்டரில் காட்டினேன். “அது ஒண்ணும் பண்ணாது சார், விற்கும்போது பார்த்துக்கலாம்” என்று அனுப்பிவிட்டார்கள்.

இப்போது என்.ஓ.சி.க்குப் படிவம் 28 போட்டால், ஃபைனான்ஸ் நிலுவை என்று காட்டி விண்ணப்பம் நின்றுவிட்டது. அதே கவுன்ட்டரில், “பழைய ஆர்.சி. புத்தகம் ஒரிஜினல் கொண்டுவாங்க” என்கிறார்கள். அது உங்களிடம்தானே இருக்கிறது என்றால், “ரெக்கார்ட் ரூமில் தேடி எடுக்க முடியாது சார், பைனான்ஸில் கடன் முடிஞ்சதுக்குப் புதுசா படிவம் 35 வாங்கிட்டு வாங்க” என்கிறார்கள். அவர்கள் வாங்கி வைத்துக்கொண்ட புத்தகத்தை என்னிடம் கேட்கிறார்கள். அன்று எனக்கு வந்த கோபத்தை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது.

அந்த ஃபைனான்ஸ் கம்பெனி இப்போது இல்லை, ஒரு வங்கியோடு இணைந்துவிட்டது. வங்கிக் கிளையில் லோன் நம்பர் கேட்டார்கள். கடன் எடுத்தவர் நேரில் வர வேண்டும் என்றார்கள். முதல் ஓனர் எழுபது வயதைத் தாண்டியவர். விஷயத்தைச் சொன்னதும் மறுபேச்சில்லாமல் கிளம்பி வந்தார், அவருக்கு என் நன்றி. அவரையும் உட்கார வைத்துவிட்டு, இணைப்புக்கு முந்தைய கடன்கள் சிஸ்டத்தில் இல்லை, சென்னைக்கு மெயில் போடுகிறோம் என்றார்கள். சென்னையிலிருந்து வந்த பதில்: பழைய ஆவணம் இல்லாததால், கடன் முடிந்ததற்கான என்.ஓ.சி. தர இயலாது.

இதோடு பலர் விட்டுவிடுகிறார்கள், அல்லது ஏஜென்ட்டிடம் போகிறார்கள். என்னிடமும் ஒரு ஏஜென்ட் பெரிய தொகை கேட்டார். கொடுக்கவில்லை. காரணம், பழைய புத்தகத்தின் எல்லாப் பக்கங்களையும் கலர் ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்தேன். எச்.பி. கேன்சல் சீலும் 2006-ஆம் வருஷத் தேதியும் அதில் தெளிவாகத் தெரிந்தன. வட்டாரப் போக்குவரத்து அலுவலருக்கு ஒரு பக்க மனு எழுதினேன்: இந்தத் தேதியில் உங்கள் அலுவலகமே நீக்கிய பதிவு, கணினியில் ஏற்றும்போது தவறாகச் சேர்ந்துள்ளது, அசல் பதிவேட்டைப் பார்த்துத் திருத்தவும். ஜெராக்ஸையும் வங்கியின் பதிலையும் இணைத்தேன். கவுன்ட்டரில் கொடுக்காமல் தபால் பிரிவில் கொடுத்து, நகலில் சீலும் தேதியும் வாங்கிக்கொண்டேன். இந்த வேலைக்கு உயிர்நாடி அந்தச் சீல்தான். வாயால் சொன்னதற்கு யாரும் பொறுப்பேற்பதில்லை, சீல் விழுந்த மனுவுக்கு யாராவது பதில் எழுதியே ஆக வேண்டும்.

கண்காணிப்பாளர் கூப்பிட்டார். நல்ல மனிதர். ஜெராக்ஸில் இருந்த தேதியைப் பார்த்து பழைய பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். ஊழியர் அரைமணி நேரத்தில் கொண்டுவந்தார். எடுக்கவே முடியாது என்று சொன்ன அதே அறையிலிருந்துதான். 2006-ஆம் வருஷப் பதிவு சிவப்பு மையில் பளிச்சென்று இருந்தது. வங்கிக்கு நடந்ததெல்லாம் வீண், அந்தப் பெரியவரை அலைக்கழித்தது அதைவிட வேதனை. அன்று சாயங்காலமே ஆன்லைனில் ஃபைனான்ஸ் பெயர் போய்விட்டது.

அதற்குப் பிறகு என்.ஓ.சி. ஒரு சிக்கலும் இல்லாமல் வந்தது. சலான் (போக்குவரத்து அபராதம்) பாக்கி இல்லை என்று முன்பே பார்த்துவிடுங்கள், அதுவும் நிறுத்தும்.

டெலிவரி நோட்டில் தேதியோடு நேரத்தையும் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, அவருடைய ஆதார் நகலோடு ஒரு பிரதி வைத்துக்கொண்டேன். வெளிமாநிலத்துக்கு விற்றால், அங்கே மறுபதிவு ஆகும்வரை வண்டி உங்கள் பெயரில்தான் இருக்கும். அதனால் விண்ணப்ப எண் வந்ததும் அனுப்பச் சொல்லி எழுதியே வாங்குங்கள். இன்ஷூரன்ஸை பதினான்கு நாளுக்குள் மாற்றுவதையும் அதிலேயே சேருங்கள். திருச்சூர் தம்பி நேற்று விண்ணப்ப எண்ணை அனுப்பிவிட்டார்.