இரவில் படுக்கை நனையாமல் இருக்க: நாய்க்குட்டியை அலாரம் வைத்துப் பழக்கும் முறை

எட்டு வாரக் குட்டியின் மூத்திரப்பை சிறியது. அதன் வாயை இறுக்கிப் பிடிக்கும் தசைக்கும் இன்னும் வலு வந்திருக்காது. அந்த வயதில் படுக்கையை நனைத்தால் உடல் இன்னும் தயாராகவில்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். கண்டிப்பால் அதை மாற்ற முடியாது. நம் கையில் இருப்பது நேரக்கணக்கு மட்டுமே. அதைச் சரியாகப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

வயதை மாதத்தில் எடுத்து ஒன்றைக் கூட்டினால், பகலில் அதிகபட்சம் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று ஏறத்தாழ தெரிந்துவிடும். இரண்டு மாதக் குட்டிக்கு 3 மணி நேரம். இரவில் ஓட்டமும் இல்லை, குடிப்பதும் இல்லை என்பதால் இன்னும் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். 12 வாரத்தில் 5 மணி நேரம், 16 வாரத்தில் 6 முதல் 7 மணி நேரம் என்பது பெரும்பாலான குட்டிகளிடம் எதிர்பார்க்கக்கூடியது. மிகச் சிறிய இனங்களுக்கு இதைவிடத் தாமதமாகும். அவற்றோடு பெரிய இனக் குட்டிகளை ஒப்பிட்டு மனம் தளர வேண்டாம்.

முதலில் படுக்கும் இடம். கூண்டுக்குள் குட்டி நிமிர்ந்து நிற்க, திரும்ப, காலை நீட்டிப் படுக்க இடம் வேண்டும். அதற்கு மேல் வேண்டாம். இடம் தாராளமாக இருந்தால் ஒரு மூலையில் சிறுநீர் கழித்துவிட்டு மறு மூலையில் நிம்மதியாகத் தூங்கும். தான் படுக்கும் இடத்தை நனைக்கப் பிடிக்காத இயல்பை நம்பித்தான் இந்த முறையே நடக்கிறது. வளர்ந்தபின் தேவைப்படும் அளவிலேயே கூண்டு வாங்கி, நடுவில் தடுப்பு வைத்து மாதாமாதம் நகர்த்திக்கொண்டால் மறுபடி வாங்க வேண்டியிருக்காது. பஞ்சு மெத்தை இப்போதைக்கு வேண்டாம். அது ஈரத்தை உறிஞ்சி மேலே காய்ந்ததுபோல் வைத்துக்கொள்ளும், குட்டிக்கு எந்த உறுத்தலும் இருக்காது. மடித்த மெல்லிய துணி போதும். கூண்டுக்குள் விடும்போது கழுத்துப்பட்டையைக் கழற்றிவிடுங்கள், கம்பியில் மாட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. கூண்டை உங்கள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். வேறு அறையில் வைத்தால் அது நெளிவதும் முனகுவதும் உங்கள் காதில் விழாது.

அழுக்கான கூண்டிலேயே பிறந்து வளர்ந்த குட்டிகளிடம் இந்த இயல்பு மழுங்கிப் போயிருக்கும். அவை நனைந்த துணியிலேயே சுருண்டு படுத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட குட்டிக்கு முதல் ஒரு வாரம் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே தூக்கிச் செல்ல வேண்டும். அது எதன்மேல் சிறுநீர் கழித்துப் பழகியதோ, அந்தக் காகிதமோ துணியோ படுக்கையில் இருக்கக் கூடாது.

மாலை ஒழுங்கு எளிது. இரவு 11 மணிக்குப் படுக்க வைப்பதாக வைத்துக்கொள்வோம். கடைசி உணவு 7 மணிக்கு. ஓடியாடும் விளையாட்டு 8.30க்குள் முடிய வேண்டும், ஏனென்றால் ஆடி முடித்த குட்டி கிண்ணத்தைக் காலி செய்யும். 9 மணிக்குத் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவிடலாம். பகல் முழுவதும் தண்ணீர் தாராளமாக இருந்தால்தான் இது சரி. வெப்பம் அதிகமாக இருந்தாலோ, குட்டிக்கு வாந்தி பேதி இருந்தாலோ கிண்ணத்தை எடுக்கவே கூடாது. 10.30க்கு ஒருமுறை, 11க்கு மறுமுறை வெளியே போக வேண்டும். குட்டிகள் முதல்முறை பாதியை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கப் போய்விடும். அதனால் போய் முடித்தபின்பும் இரண்டு நிமிடம் அதே இடத்தில் நில்லுங்கள். மிச்சமும் வந்துவிடும்.

இனி அலாரம். குட்டி அழுதபின் எழுந்து போகலாம் என்று பலர் காத்திருக்கிறார்கள். அந்தக் காத்திருப்பில் இரண்டு கெடுதல் இருக்கிறது. அழும்போது அவசரம் முற்றியிருக்கும், கூண்டைத் திறப்பதற்குள் நனைந்துவிடும். இன்னொன்று, அழுதால் ஆள் வருவார் என்று அது கற்றுக்கொள்ளும். நாமே முந்திக்கொள்ள வேண்டும். 8 வாரத்தில் 2 மணிக்கும் 5 மணிக்கும் அலாரம் வையுங்கள். மூன்று இரவு தொடர்ந்து துணி காய்ந்திருந்தால் முதல் அலாரத்தை 15 நிமிடம் தள்ளுங்கள். அது 3 மணியை எட்டியதும் இரண்டாவது அலாரத்தை நிறுத்திவிட்டு, 6.30க்குக் காலை எழுப்புதலாக வைத்துக்கொள்ளலாம். பிறகு மிஞ்சியிருக்கும் அலாரத்தை அதே வேகத்தில் 6 மணி வரை நகர்த்திக்கொண்டே போங்கள். மொத்தம் 16 படி, படிக்கு மூன்று இரவு, ஆக 48 இரவு. எட்டு வாரத்தில் தொடங்கினால் 15 வாரத்தில் முடியும். உடல் பக்குவமடையும் வேகமும் கிட்டத்தட்ட அதுவே. நடுவில் ஓரிரவு நனைந்தால் அலாரத்தை 30 நிமிடம் முன்னதாக வைத்து, மறுபடி மூன்று இரவு.

அலாரம் அடித்ததும் குட்டியை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டே போங்கள். தூக்கம் கலைந்த குட்டி நாலடி வைப்பதற்குள் உட்கார்ந்துவிடும். ஆண் குட்டியும் இந்த வயதில் உட்கார்ந்துதான் போகும். கயிற்றில் பிடித்து, எப்போதும் போகும் அதே இடத்தில் இறக்கிவிட்டு அசையாமல் நில்லுங்கள். போகத் தொடங்கும்போது தாழ்ந்த குரலில் ஒரே சொல்லைச் சொல்லுங்கள், ‘உச்சா’ என்றால் எப்போதும் ‘உச்சா’தான். சில வாரத்தில் அந்தச் சொல்லைக் கேட்டே போகும். விளக்கு மங்கலாக இருக்கட்டும். பேச்சு, விளையாட்டு, தின்பண்டம் எதுவும் இரவில் வேண்டாம். ஐந்து நிமிடத்தில் எதுவும் வரவில்லை என்றால் கூண்டில் விட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி தூக்கிப் போங்கள். தடுப்பூசி முடியாத குட்டியை மற்ற நாய்கள் நடமாடும் இடத்தில் இறக்க வேண்டாம். சொந்த முற்றமோ, புல் பரப்பிய தட்டோ போதும்.

நனைந்த படுக்கையைத் துடைப்பதற்கு முன் ஒருமுறை நன்றாகப் பாருங்கள், அது நிறையச் சொல்லும். விடியும் நேரத்தில் பெரிய ஈரம் என்றால் அலாரத்தை அவசரப்பட்டுத் தள்ளிவிட்டீர்கள். படுத்த ஒரு மணி நேரத்துக்குள் பெரிய ஈரம் என்றால் கடைசியாக வெளியே போனபோது முழுதாகப் போகவில்லை, அல்லது எங்கேயோ தண்ணீர் கிடைத்திருக்கிறது. சின்னச் சின்னதாகப் பல இடத்தில் ஈரம், முக்கல், ஓயாமல் நக்குவது, சிவந்த நிறம் இவை சிறுநீர்த் தொற்றின் அடையாளங்கள். தூங்கிக்கொண்டிருக்கும்போதே, தான் அறியாமல் கசிந்துகொண்டே இருந்தால், அதிலும் பெண் குட்டி என்றால், சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய் மூத்திரப்பையில் சேராமல் வேறிடத்தில் திறக்கும் பிறவிக் குறையாக இருக்கலாம். ஒரு நாளில் குடிக்கும் தண்ணீர் கிலோவுக்கு 100 மில்லியைத் தாண்டினாலும், அதாவது 5 கிலோ குட்டி அரை லிட்டருக்கு மேல் குடித்தாலும், கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். போகும்போது காலையின் முதல் சிறுநீரை, தட்டையான சுத்தமான கிண்ணத்தில் பிடித்து, சீக்கிரமே கொண்டுசேருங்கள்.

நனைத்த இடத்தை முதலில் துணியால் ஒற்றி எடுத்து, நொதி கலந்த கிளீனரை ஊற்றி 15 நிமிடம் ஊறவிட வேண்டும். மணமூட்டிய திரவங்கள் நம் மூக்கை மட்டும் ஏமாற்றும், நாயின் மூக்கை ஏமாற்றாது. அம்மோனியா உள்ளவை இன்னும் மோசம், அவற்றின் வாடையே சிறுநீரை நினைவூட்டும். பிளீச்சையும் சிறுநீரையும் கலக்கவிடாதீர்கள், மூச்சைப் பாதிக்கும் வாயு வரும்.

குட்டியின் மூக்கை ஈரத்தில் தேய்ப்பது பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். எதற்குத் தண்டனை என்று அதற்குப் புரிவதில்லை. மனிதர் பார்க்கும்போது போனால் அடி விழும் என்பது மட்டும் புரியும். அதன் விளைவாக, நீங்கள் கயிற்றைப் பிடித்து நிற்கும்போது அடக்கிக்கொண்டு, உள்ளே வந்து சோபாவுக்குப் பின்னால் போகும். இந்தப் பயத்தை நீக்குவது பழக்குவதைவிடப் பல மடங்கு கடினம்.

அலாரம் இல்லாமல் நான்கு வாரம் காய்ந்த இரவுகள் வந்தபின் கூண்டின் கதவைத் திறந்து வைத்து, அறைக்கதவை மட்டும் மூடிவையுங்கள். இரண்டு வாரம் அதுவும் சரியாகப் போனால் மெத்தை போடலாம். ஆறு முதல் ஒன்பது மாதத்தில் ஆண் நாய் செங்குத்தான இடங்களில் கொஞ்சமாகச் சிறுநீர் தெளிக்கத் தொடங்கினால் அது தன் இடம் என்று அடையாளமிடுதல். வீடு மாறினாலும் ஓரிரு இரவு தவறலாம். அப்படித் தவறினால் ஒரு வாரத்துக்குக் கூண்டுக்கும் 3 மணி அலாரத்துக்கும் திரும்பினால் போதும்.