சியரா சுரங்கம், நான்காம் மாதம்: என்ஜினைத் தின்ற கிரானைட் தூள்

அமெரிக்காவின் சியரா நெவாடா மலையைக் குடைந்து போட்ட பழைய ரயில் சுரங்கத்தை, நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு அளவில் (1:87) மேஜை மேல் பொம்மை ரயிலோடு செய்துகொண்டிருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை என்ஜின் மூன்றாவது சுற்றில் முனகியது, நாலாவதில் சுரங்க வாயிலேயே நின்றுவிட்டது. தொட்டால் சுடுகிறது. கழற்றிப் பார்த்தால் மோட்டார் காந்தத்தைச் சுற்றி மீசை முளைத்த மாதிரி இரும்புத் தூள்.

தப்பு என்னுடையது. கிருஷ்ணகிரியில் உட்கார்ந்துகொண்டு தண்டவாளத்தடியில் கொட்டும் ஜல்லிப் பொடிக்கு வெளிநாட்டுப் பொட்டலம் வாங்குவதா என்ற திமிர். பர்கூர் சாலையில் ஒரு கிரானைட் பட்டறையில் காய்ந்த அறுவைத் தூள் ஒரு மூட்டை சும்மாவே கிடைத்தது. கேங்சாவில் (வரிசையாகப் பல பிளேடு கோத்த அறுவை இயந்திரம்) பாளம் அறுக்கும்போது எஃகு மணிகளைத் தண்ணீரோடு விடுவார்கள். அவையும் கல்லோடு அரைந்து தூளில் கலந்துவிடும். போதாததற்கு நம் கறுப்புக் கல்லிலேயே காந்தத்துக்கு ஒட்டும் தாது உண்டு. ஃபெவிகால் தண்ணீர் விட்ட இரண்டாம் நாளே ஜல்லி செம்பட்டையாகத் துருப்பிடித்தது. அப்போதாவது புரிந்திருக்க வேண்டும். ‘பழைய லுக் வருது’ என்று படம் வேறு எடுத்து வைத்தேன்.

சுரண்டி எடுக்க மூன்று ராத்திரி ஆனது. தண்டவாளத்தோடு பதினாறு தீக்குச்சி ஸ்லீப்பரும் பெயர்ந்து வந்தன. (மருந்து வைக்காத குச்சி, குடியாத்தத்திலிருந்து சித்தப்பா மகன் கொண்டுவந்தது. 28 மில்லிமீட்டருக்கு வெட்டினால் எட்டடிக் கட்டை. இதைவிட மலிவாகச் சொல்லுங்கள் பார்ப்போம்.)

இப்போது செய்யும் முறை: அறுவைத் தூளே வேண்டாம். குவாரியில் உடைந்து விழும் சாம்பல் நிறச் சில்லைப் பொறுக்கி வந்து உரலில் இடிக்கிறேன். நிறமும் இதுதான் சரி, சியரா நெவாடாக் கல் வெளிறியது. முதலில் மைதா சல்லடை, அதில் தங்குவதை டீ வடிகட்டியில் ஒரு தரம். அப்புறம் பழைய வூஃபர் காந்தத்தை கேரி பேக்கில் சுற்றித் தாம்பாளத்துத் தூள் மேல் நிதானமாக ஓட்ட வேண்டும். பையை உரித்தால் இரும்பு உதிர்ந்துவிடும். முதல் ஓட்டத்தில் ஒரு ஸ்பூன் வந்தது, ஐந்தாவதில் ஒன்றுமில்லை. நான் ஏழு தடவை ஓட்டினேன். பயம். ஒட்டும்போது பசைத் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு விட்டு, சிரிஞ்சில் ஓரமாக இறக்குங்கள். மேலிருந்து விட்டால் ஜல்லி மிதந்து ஸ்லீப்பர் மேல் ஏறிக்கொள்ளும். ‘டேய், சல்லடை எங்கடா?’ என்று அம்மா கேட்கும்போது வீட்டில் இல்லாமல் இருப்பதும் இந்த முறையில் ஒரு கட்டம்.

சுரங்கத்துக்கு வருவோம். நிஜத்தில் அது 1,659 அடி. 1:87 அளவில் கிட்டத்தட்ட 5.8 மீட்டர், என் மேஜையோ மொத்தமே பதினோரு அடி. அதனால் கிழக்கு வாய் மட்டும். வெடிமருந்து வைத்துக் குடைந்தபோது ஒரு முகப்பில் நாளுக்குச் சுமார் ஓரடிதான் போனார்களாம். என் தெர்மாகோல் மலையில் அது 3.5 மில்லிமீட்டர். 1867-இல் நைட்ரோகிளிசரினை மலையிலேயே காய்ச்சத் தொடங்கிய பிறகுதான் வேகம் கூடியது.

குடைந்தவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். வாங்கிய பொம்மைப் பெட்டியிலோ முப்பது பேரும் கோட்டும் தொப்பியும் போட்ட வெள்ளைக்காரர்கள்! 1869 மே 10 அன்று, கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் போட்டு வந்த பாதைகள் சேர்ந்த பிராமண்டரியில் இரண்டு என்ஜின்களை எதிரெதிரே நிறுத்தி எடுத்த படத்திலும் சீன முகத்தைத் தேடத்தான் வேண்டியிருக்கிறது. 1867 ஜூனில் வெள்ளைக்காரனுக்குக் கொடுக்கிற கூலி எங்களுக்கும் வேண்டும் என்று வேலையை நிறுத்தியவர்கள் இவர்கள். ரயில் கம்பெனி சாப்பாட்டுச் சரக்கை மறித்து ஒரு வாரத்தில் வழிக்குக் கொண்டுவந்தது. ரயில் ஓடத் தொடங்கியதும் அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் மாதக்கணக்கான பயணம் ஒரு வாரமாகச் சுருங்கியது. 1882-இல் சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள்ளேயே வரக்கூடாது என்று சட்டம் வந்தது.

ஆகவே கோட்டுக்காரர்களைப் பிளேடால் செதுக்கி, எம்-சீலில் கூம்புத் தொப்பி வைத்துக்கொண்டிருக்கிறேன். ஒருவர் உளி பிடிக்க, இருவர் சம்மட்டி அடிக்கிற கூட்டம். எதிர்வீட்டுத் தாத்தா குவாரியில் கையால் துளை போட்டவர். பார்த்ததும், ‘இவன் உளியை இறுக்கிப் புடிச்சிருக்கான் தம்பி. ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் திருப்பணும், இல்லன்னா மாட்டிக்கும்’ என்றார். கையை வெட்டி மறுபடி ஒட்டியாயிற்று.

அடுத்தது மொரப்பூர்–தருமபுரி குட்டி ரயில். 1906-இல் வந்தது, இரண்டரை அடிப் பாதை. 1:87-இல் 8.76 மில்லிமீட்டர், அதனால் கடையில் கிடைக்கிற 9 மில்லிமீட்டர் தண்டவாளமே போதும். ஆர்டரும் போட்டுவிட்டேன். இங்கே சியரா பாதையைப் பனி மூடாமல் காக்கும் பனிக்கூரைக்கு இன்னும் ஒரு பலகைகூட அறுக்கவில்லை. மாம்பழ சீசன் வந்தால் மாடி அறையில் வைக்கோல் பரப்பிவிடுவார்கள், மேஜைக்கு இடமிருக்காது. மோட்டாரை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டிருக்கிறேன்.