சீசியம் அணு டிக் டிக் என்று அடிப்பதில்லை

அணுக் கடிகாரம் என்றதும், உள்ளே ஒரு சீசியம் அணு துடிக்கிறது, 919 கோடியே 26 லட்சத்து 31 ஆயிரத்து 770 துடிப்பு எண்ணினால் ஒரு வினாடி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பள்ளிப் புத்தக வரையறையைப் படித்தால் அப்படித்தான் தோன்றும். உண்மையில் அடிப்பது ஒரு குவார்ட்ஸ் படிகமோ, ஹைட்ரஜன் மேசர் என்ற மைக்ரோவேவ் கருவியோதான். அதிலிருந்து மைக்ரோவேவ் அலையை உண்டாக்குகிறார்கள்; எண்ணப்படுவதும் அந்த அலைதான். ஆனால் அதை உண்டாக்கும் அலையாக்கியை அப்படியே விட்டால் மெல்ல விலகிப்போகும். விலகிவிட்டதா என்று பார்த்துச் சொல்லும் நடுவர் வேலைதான் சீசியத்துக்கு.

சீசியம்-133 அணுவின் அடிமட்ட ஆற்றல் நிலை, மிக நெருக்கமான இரண்டு நிலைகளாகப் பிளந்திருக்கிறது. சரியான அதிர்வெண்ணில் மைக்ரோவேவ் பட்டால் அணு ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவும். கொஞ்சம் தவறினாலும் தாவும் அணுக்கள் குறையும்.

சீசியம் நீரூற்றுக் கடிகாரத்தில் இதைப் பயன்படுத்தும் விதம் அழகானது. ஆறு லேசர் கற்றைகள் சந்திக்கும் இடத்தில் அணுக்களைப் பிடித்து, தனிச்சுழியத்துக்கு (இயன்றவற்றில் மிகக் குறைந்த வெப்பநிலை) மேல் ஒரு கெல்வினின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குளிர்விக்கிறார்கள். பிறகு அந்த அணுக்களின் உருண்டையை லேசராலேயே மேலே எறிகிறார்கள். ஏறும்போது ஒரு முறை, விழும்போது ஒரு முறை என மைக்ரோவேவ் அலை நிரம்பிய ஒரே குழியை அது கடக்கிறது. இடைவெளி சுமார் அரை வினாடி. இந்த இடைவெளி நீள நீள, அணுவைத் தாவவைக்கும் அதிர்வெண்களின் பட்டை குறுகும். அரை வினாடிக்கு அது ஏறத்தாழ 1 ஹெர்ட்ஸ். கீழே வந்ததும் லேசரால் ஒளிரவைத்து எத்தனை அணுக்கள் தாவின என்று அளக்கிறார்கள். மைக்ரோவேவ் அதிர்வெண்ணை ஒருமுறை பட்டையின் இடப்பக்கச் சரிவில் வைத்து அளப்பார்கள், அடுத்தமுறை வலப்பக்கச் சரிவில். இரண்டு விகிதமும் சமமென்றால் அலையாக்கி சரி. இல்லையென்றால் திருத்தம்.

அந்த விசித்திரமான எண் எப்படி வந்தது? 1955-ல் இங்கிலாந்தின் டெடிங்டனில் லூயி எஸ்ஸனும் ஜாக் பாரியும் முதல் நடைமுறை சீசியம் கடிகாரத்தை இயக்கினார்கள். அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தின் மார்கோவிட்ஸ், நிலவின் இடத்தை அளந்து அன்றைய வானியல் வினாடியை (பூமி சூரியனைச் சுற்றும் காலத்தை வைத்து வகுத்தது) கணக்கிட்டார். இரண்டையும் ஒப்பிட்டு 1958-ல் வந்த விடை 9192631770, பிழை ±20. 1967-ல் வரையறையாக்கும்போது பிழையைக் கழற்றிவிட்டு எண்ணை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். அந்த வானியல் வினாடியே பழைய நூற்றாண்டுகளின் அவதானிப்பிலிருந்து வந்தது. 1820 வாக்கிலான நாளின் நீளத்தோடுதான் அது பொருந்தும். அதற்குப் பிறகு பூமியின் சுழற்சி மெதுவாகி நாள் சற்று நீண்டுவிட்டது. அதனால்தான் கடிகாரத்தைப் பூமியோடு ஒத்துப்போகவைக்க 1972 முதல் 27 கூடுதல் வினாடிகளை (லீப் வினாடிகள்) சேர்க்க வேண்டியிருந்தது. கடைசியாகச் சேர்த்தபோது இந்தியாவில் 2017 ஜனவரி 1 காலை 5:29:59-க்குப் பிறகு 5:29:60 என்று ஒரு நொடி வந்தது. கணினிக்காரர்கள் வெறுக்கும் நொடி. 2035-க்குள் இந்த முறையைக் கைவிட 2022-ல் முடிவாகிவிட்டது.

நீரூற்றின் உண்மையான தலைவலி திருத்தங்கள்தான். பத்தின் 16-ஆம் அடுக்கில் ஒரு பங்கு துல்லியம் வேண்டுமென்றால், 1 ஹெர்ட்ஸ் அகலப் பட்டையின் நடுவை அந்த அகலத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குக் குறிக்க வேண்டும். வரையறை பேசுவதோ தனிச்சுழிய வெப்பநிலையில், எதுவும் தீண்டாத அணுவைப் பற்றி. அறை வெப்பத்தில், அணுக்கள் பறக்கும் குழாயின் சுவரிலிருந்து வரும் வெப்பக் கதிர்வீச்சே அதிர்வெண்ணைப் பத்தின் 14-ஆம் அடுக்கில் சுமார் 1.7 பங்கு குறைக்கிறது. சுவரின் வெப்பநிலையை ஒரு டிகிரி தவறாக அளந்தால் மேலே சொன்ன துல்லியம் போச்சு. அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான என்ஐஎஸ்டி 2014-ல் கொண்டுவந்த என்ஐஎஸ்டி-எஃப்2 கடிகாரத்தில் அந்தக் குழாயைத் திரவ நைட்ரஜனால் குளிர்வித்தது இதற்காகவே. அணுக்கள் தமக்குள் மோதுவது, காந்தப்புலம் என்று மேலும் சில உண்டு.

உயரம் தனி. மேலே போகப் போகப் பூமியின் ஈர்ப்பு காலத்தின் மேல் காட்டும் தாக்கம் குறையும். ஒரு மீட்டர் மேலே வைத்தால் கடிகாரம் பத்தின் 16-ஆம் அடுக்கில் 1.1 பங்கு வேகமாக ஓடும். என்ஐஎஸ்டி இருக்கும் போல்டர் நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதனால் அங்கே வெப்பத் திருத்தத்தைவிட உயரத் திருத்தம் பத்து மடங்கு பெரிது. ஆய்வகத் தரை எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்பதை நில அளவையாளர்களை வைத்துத் துல்லியமாக அளந்த பிறகுதான் அந்த வினாடி மற்ற நாடுகளின் வினாடிகளோடு சராசரிக்குப் போகிறது.