ரேக் காலி, கணக்கில் 22

"ஆர்டரே நாங்க போடுறதில்லையே சார், அப்புறம் எப்படி எங்க பேரு வரும்?"

கடைகளில் பொருள் ரேக்கில் இல்லாமல் போவதற்கு என்ன காரணம் என்று ஆய்வு செய்துகொண்டிருந்தபோது, ஒரு கடையில் சோப்புப் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் அக்கா கேட்டது இது. என் ஆய்வுப் படிவத்தில் காரணத்துக்கு மூன்று கட்டங்கள்: மேலிருந்து (கம்பெனி, கிடங்கு) சரக்கு வரவில்லை, கடை ஆர்டரில் கோளாறு, உள்ளே இருக்கிறது ஆனால் ரேக்கில் இல்லை. வேப்பிலை சோப்பு ரேக் காலி. ஸ்டாக் ரூமிலும் தேடிவிட்டோம். கம்ப்யூட்டரில் 22 காட்டுகிறது. நான் இரண்டாவது கட்டத்தில் டிக் போட்டேன்.

அந்த 22 எங்கிருந்து வந்தது என்றும் அவரே காட்டினார். ஒரே கம்பெனி, ஒரே விலை, சந்தனம் ஒன்று, வேப்பிலை ஒன்று. ஒருவர் இரண்டிலும் இரண்டிரண்டு எடுத்து வந்தால் பில் போடும் பெண் ஒரு சந்தனத்தையே நாலு முறை ஸ்கேன் செய்துவிடுவார். வாடிக்கையாளருக்கு நஷ்டமில்லை, வரிசையும் நகரும். கணக்கில் மட்டும் வேப்பிலை குறையவே குறையாது. 22 இருக்கிறதே என்று சிஸ்டமும் ஆர்டர் போடாது.

"இருப்பைத் திருத்திடலாமே அக்கா?"

"திருத்துனா 22 சோப்பு காணோம்னு ஷ்ரிங்கேஜ்ல, அதான் காணாமப்போன சரக்குக் கணக்குல, ஏறும். மாசக் கடைசியில அதுக்கு யாரு சார் பதில் சொல்றது?"

"சந்தனத்துல அதிகமா இருக்குமே, அதோட சேர்த்துக் காட்டலாமே?"

"அதையெல்லாம் யாரு உக்காந்து பாக்குறாங்க?"

இதில் எனக்குப் புதிதாக ஒன்றுமில்லை. ஒரே பொருளைப் பலமுறை ஸ்கேன் செய்வதால் இருப்புக் கணக்கு கெடுவதைப் பற்றி இந்தத் துறையில் நிறைய எழுதியிருக்கிறார்கள். அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தின் 37 கடைகளில் ஏறக்குறைய 3,70,000 இருப்புப் பதிவுகளை டிஹொரேஷியஸ், ராமன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சரிபார்த்தார்கள். 65 சதவீதம் நிஜத்தோடு பொருந்தவில்லை. 2008இல் வந்த கட்டுரை. படித்தபோது பெரிய எண்ணாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

டிக் போட்டதற்கு என் பக்கம் நியாயம் உண்டு. க்ரூயென், கோர்ஸ்டன் 2002 ஆய்வில் உலக அளவில் சராசரியாக 8.3 சதவீதப் பொருள்கள் ரேக்கில் இல்லை. காரணங்களில் 47 சதவீதம் கடையின் ஆர்டரும் கணிப்பும், 25 சதவீதம் உள்ளே இருந்தும் ரேக்குக்கு வராதது, 28 சதவீதம்தான் மேலிருந்து வருவது. நம் ஊர் நிலவரத்தை அதோடு ஒப்பிட வேண்டுமென்றால் கட்டங்கள் அதே கட்டங்களாக இருக்க வேண்டும். எதிரில் நிற்பவரைப் பார்த்து டிக்கை மாற்ற ஆரம்பித்தால் அப்புறம் அது ஆய்வே இல்லை.

சரி. ஆனால் 'கடை' என்ற அந்த ஒரு சொல்லுக்குள் யார் யார் இருக்கிறார்கள்? தானாக ஆர்டர் போடும் மென்பொருளை வாங்கியது தலைமை அலுவலகம். இருப்பைத் திருத்தினால் கடைக்குக் கெட்ட பெயர் என்று விதி வைத்ததும் அவர்கள்தான். எத்தனை கவுன்ட்டருக்கு ஆள் என்பதையும் அவர்களே முடிவு செய்கிறார்கள். ஆள் குறைந்தால் வரிசை நீளும், வரிசை நீண்டால் நாலு முறை ஸ்கேன். இத்தனையும் சேர்ந்துதான் காலி ரேக். படிவத்தில் பதிவானது கடை.

குறிப்புகள் பகுதியில் எல்லாவற்றையும் எழுதினேன். என் ஆய்வு வழிகாட்டியிடமும் சொன்னேன். "காரணத்துக்குக் காரணம்னு போய்க்கிட்டே இருந்தா எங்கேயாவது நிறுத்தணும் இல்லையா?" என்றார். நிறுத்தத்தான் வேண்டும். நிறுத்துகிற இடம் எப்போதும் சம்பளம் குறைந்தவர் பக்கமாகவே அமைகிறதே என்று தோன்றியது, சொல்லவில்லை. கடையை நடத்தும் நிறுவனத்தில் முடிவுகளைக் காட்டியபோது குறிப்புகளை யாரும் கேட்கவில்லை. வட்டப்படத்தில் பெரிய துண்டு எது என்று பார்த்துவிட்டு, கடை ஊழியர்களுக்குப் பயிற்சி வைக்கலாம் என்றார்கள்.

பயிற்சி கெட்டதல்ல. ஒவ்வொரு சோப்பையும் தனித்தனியாக ஸ்கேன் செய்யப் பழகினால் அந்த 22 கொஞ்சமாவது குறையும். அதற்காக நான் வருத்தப்பட வேண்டுமா என்றுகூடத் தெரியவில்லை.

இப்போது என்னோடு வேலை செய்யும் மாணவி படிவத்தில் நாலாவது கட்டம் கேட்கிறார்: 'இருப்புப் பதிவு தவறு'. சேர்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். பதிவு யாரால் தவறானது என்று அதற்குள்ளும் பிரிக்கலாமா என்றார் அடுத்து. பழைய தரவோடு ஒப்பிட முடியாமல் போகும் என்று என் வாயிலேயே வந்தது. அதுவும் உண்மைதான்.