பெர்லினை விட்டுப் போன வலெஸ்கா கெர்ட்

1925-ல் எடுத்த ஒரு மௌனத் துண்டுப்படம் இன்றும் இருக்கிறது. எடுத்தவர் பெர்லினில் புகைப்பட நிலையம் நடத்திய சூஸே பிக். படத்தில் வலெஸ்கா கெர்ட் என்ற ஒரே பெண் ஆடுகிறார். காட்சி ஜோடனை கிடையாது, துணைக்கு ஆளும் கிடையாது.

பார்க்க உட்காருவதற்கு முன் ஓட்டத்தின் வேகத்தைச் சரிபாருங்கள். மௌனப்படக் காலத்தில் கேமராவைக் கையால் சுற்றினார்கள். நொடிக்கு 16 முதல் 20 படச்சட்டம் வரைதான் பதிவாகும். அதையே பிற்காலக் கருவியில் நொடிக்கு 24 என்று ஓட்டினால் ஆள் விறுக்விறுக்கென்று துள்ளுவார். கெர்ட்டின் ஆட்டத்துக்கு இதைவிடப் பெரிய கெடுதல் இல்லை, சாவை ஆடிக்காட்டும் பகுதி கோமாளித்தனமாகிவிடும். பிரதி வேகமாக ஓடினால் 0.75 என்று வைத்துப் பாருங்கள். கை விழும் இடத்தைக் கவனித்தால் வேகம் சரியா என்று தெரிந்துவிடும். உயிர் போன கை தன் கனத்தால் தொங்கி விழ வேண்டும், வெடுக்கென்று உதறிக்கொள்ளக் கூடாது.

அதில் ஓர் ஆட்டத்தின் பெயர் 'கனாய்'. கழிசடை என்று திட்டுகிற பிரெஞ்சுச் சொல். ஆடப்படுபவள் தெருவில் நிற்கும் விலைமகள். அந்த ஆட்டத்தைக் கெர்ட்டே எழுத்தில் விவரித்திருக்கிறார். குட்டைக் கருப்புப் பாவாடை, நீளமான கருப்புப் பட்டுக் காலுறை, உயர்ந்த குதிகால் செருப்பு. முதலில் இடுப்பை அலட்சியமாக ஆட்டிக்கொண்டு ஒரு நடை. பாவாடையைத் தூக்கி, காலுறைக்கு மேலே தெரியும் வெள்ளைத் தொடையைச் சற்றே காட்டுகிறார், கடைக்காரர் சரக்கை விரித்துக் காட்டுவதுபோல. வந்தவன் மேடையில் இல்லை, அவள் உடம்பில் நடப்பதை வைத்து நாம்தான் அவனை ஊகிக்க வேண்டும். கால்கள் அகல, முழங்கால் மடங்க, மெல்லத் தரையை நோக்கி இறங்குகிறார். நச்சுப்பூச்சி கடித்ததுபோல உடம்பு வெட்டி வெட்டி மேலெழுகிறது. பிறகு இழுப்பு தளர்கிறது, உடம்பு இளகித் தரைக்குத் திரும்புகிறது. எழுந்து நிற்கும்போது முகத்தில் எதுவும் மிச்சமில்லை, வேலை முடிந்தது, அவ்வளவுதான். கவர்ச்சியாக ஆரம்பித்து உழைப்பாக முடிகிறது அந்த ஆட்டம். பார்க்கிறவர் தன் கிளுகிளுப்பை எந்த இடத்தில் இழக்கிறார் என்பதில்தான் அதன் சூட்சுமம் இருக்கிறது.

'சாவு' இன்னும் எளிமையானது. நீளமான கருப்பு அங்கி, ஒரே விளக்கு, அசையாமல் நிற்கும் உடம்பு. இறுக்கம் கைகளிலிருந்து தொடங்குகிறது: விரல்கள் முஷ்டியாகச் சுருள, தோள்கள் மேலேற, முகம் கோணுகிறது. வாய் முழுசாகத் திறக்கிறது, ஆனால் சத்தம் வராது. தலை பின்னால் சாய்ந்து, உடம்பு முழுக்கக் கல்லாகி, சில நொடி அப்படியே நிற்கிறது. பிறகு வலி வடியத் தொடங்குகிறது. வாய் மெல்லத் தளர்கிறது, அதைத் தொடர்ந்து தோளும் கையும் விரலும். முகத்தில் கடைசியாக ஒரு சிறு உயிர்ப்பு தோன்றுகிறது. சடாரென்று தலை பொம்மைத் தலைபோல் தொங்கிவிடுகிறது. இதை ஆட முயல்கிறவர்கள் வழக்கமாக வழுக்குவது அவசரத்தில்தான், வலியைச் சீக்கிரமே முகத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். கைகள் முந்த வேண்டும், முகம் கடைசியில் சேர வேண்டும்.

ஆடாமலே ஆடியதும் உண்டு. அக்காலத் திரையரங்கில் சுருள் மாற்ற நேரமாகும். 1920 வாக்கில் அந்த இடைவெளியில் மேடையேறி அசையாமல் நின்றார். ஆட்டத்தின் பெயர் 'இடைவேளை'.

கெர்ட்ரூட் வலெஸ்கா சாமோஷ் என்பது பிறந்த பெயர். 1892 ஜனவரி 11, பெர்லின், யூதக் குடும்பம். அப்பா காகிதப்பூ, இறகு அலங்காரப் பொருட்கள் வியாபாரம் செய்தவர். முதல் உலகப் போரில் அந்தத் தொழில் படுத்துவிட்டது, மகள் தன் பிழைப்பைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. 1916-ல் மேடையேறினார். மற்ற பெண்கள் மென்மையாகக் காற்றில் மிதக்க, ஆரஞ்சு உடையில் இவர் அவர்களுக்கு நடுவே பாய்ந்து வந்தார். பிறகு குத்துச்சண்டைக்காரர், சாலைப் போக்குவரத்து, குழந்தை, சர்க்கஸ் என்று நகரத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் ஆட்டமாக்கினார். 1922-ல் மியூனிக்கில் இளம் நாடகாசிரியர் பிரெக்டின் நள்ளிரவு நிகழ்ச்சியிலும் கலந்துகொண்டார். பாப்ஸ்ட் இயக்கிய படங்களில் நடித்தார், பிரெக்டின் 'மூன்று காசு நாடகம்' 1931-ல் படமாக வந்தபோது அதில் திருமதி பீச்சம் அவர்தான். 1932-ல் பெர்லினில் 'கோல்கொப்' என்ற சொந்தக் கேளிக்கை அரங்கைத் திறந்தார். அடுத்த ஜனவரியில் ஹிட்லர் பதவிக்கு வந்தார்.

மேடைக் கலைஞர்களின் பிழைப்பைப் பறித்தது பெரும்பாலும் காகித வேலைதான். 1933 ஏப்ரல் 7-ம் தேதிச் சட்டம் அரசுப் பணியிலிருந்து யூதர்களை நீக்கியது, அரசு அரங்குகளும் அதில் அடக்கம். செப்டம்பர் 22-ல் வந்த சட்டம் கலைத் தொழில் முழுவதற்கும் ஒரே சம்மேளனம் அமைத்தது. அதில் உறுப்பினராக இல்லாதவர் காசுக்கு நடிக்கவோ ஆடவோ கூடாது. யூதர்களுக்கு அங்கே இடம் மறுக்கப்பட்டது. ஒவ்வொரு ஆட்டத்தையும் தனித்தனியே தடைசெய்ய வேண்டிய தேவையே இல்லை, ஓர் அட்டையைக் கொடுக்காமல் இருந்தாலே போதும். நாட்டில் இருந்த யூதக் கலைஞர்களுக்குத் தனியாக ஒரு பண்பாட்டுச் சங்கம் அனுமதிக்கப்பட்டது. மேடையில் யூதர், அரங்கில் யூதர், விமர்சனமும் யூதப் பத்திரிகையில் மட்டும். நிகழ்ச்சி நிரல் முன்கூட்டியே தணிக்கைக்குப் போக வேண்டும், சிறிது காலத்திலேயே ஜெர்மன் நாடகாசிரியர் ஷில்லரின் நாடகங்களை நடிக்கவும் அனுமதி இல்லை. 1941-ல் அதையும் கலைத்துவிட்டார்கள்.

கெர்ட் லண்டனிலும் பாரிஸிலும் மேடை தேடினார். 1936-ல் லண்டனில் ஆங்கிலேயரான ராபின் ஹே ஆண்டர்சனை மணந்தார். அன்றைய பிரிட்டிஷ் சட்டப்படி அந்நாட்டுக்காரரை மணந்த அயல்நாட்டுப் பெண்ணுக்குக் குடியுரிமை தானாக வந்துவிடும். 1948 சட்டம் வரும்வரை அதுதான் முறை. வெளியேறிய கலைஞர்களில் சிலர் இந்தக் கதவு வழியாகத்தான் தப்பினார்கள். ஜெர்மன் நடிகையும் எழுத்தாளருமான எரிகா மான் 1935-ல் ஆங்கிலக் கவிஞர் ஆடனை மணந்தார், யூத நடிகை தெரேசே கீசே அடுத்த ஆண்டு ஆங்கில எழுத்தாளர் ஜான் ஹாம்ப்சனை மணந்தார். இரண்டுமே பாஸ்போர்ட்டுக்காக நடந்த கல்யாணங்கள்.

அமெரிக்கக் கதவின் பூட்டு வேறு மாதிரி. குடியேற்ற ஒதுக்கீட்டில் அவர்கள் பார்த்தது பிறந்த நாட்டை. கையில் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் இருந்தாலும் பெர்லினில் பிறந்தவர் பொதுவாக ஜெர்மன் கணக்கில்தான் வருவார். 1938-ல் ஆஸ்திரியாவையும் சேர்த்து அந்த ஒதுக்கீடு ஆண்டுக்கு 27,370. 1939 நடுவில் காத்திருந்தவர்கள் 3 லட்சத்துக்கும் மேல். அங்கே தம்மைத் தாங்குவதாக எழுதிக்கொடுக்க ஓர் ஆளும் வேண்டும். ஜெர்மனியை விட்டுக் கிளம்பும்போது ரொக்கமாக எடுத்துப்போக அனுமதித்தது 10 மார்க். அத்தனை முட்டுக்கட்டையையும் தாண்டி, போர் மூளும் முன்பே கெர்ட் அமெரிக்கா போய்ச் சேர்ந்துவிட்டார். அப்போது வயது 46-ஐத் தாண்டியிருந்தது.

வசனத்தை நம்பிய நடிகர்களின் கஷ்டம் எளிதில் புரியும். வியன்னாவில் பிறந்து பெர்லின் மேடையை ஆண்ட ஃபிரிட்ஸ் கோர்ட்னர் நாற்பது வயதுக்கு மேல் ஆங்கிலம் படித்து நடிக்க வேண்டியிருந்தது. கீசே சூரிக் போனார், அங்கே பேச்சு ஜெர்மன், அதனால் தொழில் தொடர்ந்தது. 1941 ஏப்ரலில் பிரெக்டின் 'தாய் கரேஜ்' முதன்முதலில் மேடையேறியபோது தலைப்புப் பாத்திரம் அவருடையதே. இந்தக் கணக்கில் பார்த்தால் கெர்ட்டுக்குக் கஷ்டமே இருந்திருக்கக் கூடாது. அவருக்கு வேண்டியதெல்லாம் ஒரு விளக்கு, ஒரு பியானோக்காரர், ஒரு பெட்டி உடை. உடம்புக்கு மொழிபெயர்ப்பு எதற்கு?

ஆனால் அவர் ஆட்டம் ஓடியது அடையாளம் கண்டுகொள்வதால். 'கனாய்' பார்க்க வந்த பெர்லின்காரர் அந்தப் பெண்ணை வரும் வழியில் ஃபிரீட்ரிக் தெருவில் பார்த்துவிட்டுத்தான் வந்திருப்பார். இடுப்பின் ஒரு வெட்டில் அவருக்கு ஆள் பிடிபட்டுவிடும். அடுத்து அந்த ஆளைக் கெர்ட் எவ்வளவு தூரம் இழுத்துக் கோணலாக்குகிறார் என்பதுதான் ஆட்டம். அசல் தெரியாதவருக்குப் பகடி எட்டாது, முகத்தைச் சுளிக்கிற ஒரு வெளிநாட்டுப் பெண் மட்டுமே தெரிவார். அமெரிக்காவின் நவீன நடனமும் அப்போது மார்த்தா கிரஹாமின் கம்பீரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது, தெருப்பொறுக்கிகளுக்கு அதில் இடம் குறைவு. என் கணிப்பில், கெர்ட்டின் அமெரிக்கத் தோல்விக்கு மொழியைவிட இதுதான் பெரிய காரணம்.

ஹாலிவுட்டில் எதுவும் தேறவில்லை. யூத அகதிகளுக்கான உதவிப் பணத்தில் நாள் நகர்ந்தது. ஒத்திகைக்குப் பியானோ வாசித்தவர் வியன்னாவிலிருந்து தப்பி வந்த பதின்வயதுக்காரர் கியோர்க் கிரைஸ்லர். பிற்காலத்தில் கருப்பு நகைச்சுவைப் பாடல்களால் பெயர் பெற்ற அதே கிரைஸ்லர்தான். நியூயார்க்கில் கெர்ட் பாத்திரம் கழுவினார், ஓவியர்களுக்கு நிர்வாண மாடலாக நின்றார்.

1941-ல் கிரீனிச் வில்லேஜில் ஒரு நிலவறையைப் பிடித்து 'பெக்கர் பார்' என்று பெயர் வைத்தார். பிச்சைக்காரர் மதுக்கூடம். ஒன்றுக்கொன்று பொருந்தாத நாற்காலிகள், ஜோடி சேராத விளக்குகள். அந்த ஒட்டுப்போட்ட கூடத்தின் நடுவில் அவரே ஆடினார். இந்த ஏற்பாட்டில் இருந்த புத்திசாலித்தனத்தைப் பலர் கவனிப்பதில்லை. பெரிய அரங்கில் அந்நிய முகமாகத் தெரிந்தவர், இந்தச் சின்ன அறையில் கடைக்கே சொந்தக்காரி. வந்தவர்களுக்கு அவரைப் பேச்சிலும் நடையிலும் முதலில் தெரிந்துவிடும், ஆட்டம் பிறகுதான். பெர்லினில் தெரு செய்துகொடுத்த வேலையை இங்கே கடை செய்துகொடுத்தது.

வேலைக்கு வந்தவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. பின்னாளில் லிவிங் தியேட்டர் என்ற நாடகக் குழுவைத் தொடங்கிய ஜூடித் மலினா, ஜூலியன் பெக், ஓவியர் ஜாக்சன் பொல்லாக் எல்லோரும் அங்கே வேலை பார்த்தவர்கள்தான். கொஞ்ச நாள் நாடகாசிரியர் டென்னசி வில்லியம்ஸும் மேசை துடைத்தார். டிப்ஸைப் பொதுவில் போட மறுத்ததால் கெர்ட் அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்.

இப்படி ஒரு இடத்தை நடத்த அன்றைய நியூயார்க்கில் என்னென்ன வேண்டும் என்று தெரிந்தால்தான் அந்த நான்கு ஆண்டுகளின் அருமை புரியும். 1926-லிருந்து, உணவோ பானமோ விற்கும் இடத்தில் ஆட்டமும் பாட்டும் நடக்க வேண்டுமென்றால் தனி உரிமம் வேண்டும். மது விற்க வேறொரு உரிமம். 1940-லிருந்து அத்தகைய இடங்களில் மேடையேறுகிறவர்களும் போலீஸிடம் கைரேகை கொடுத்து அட்டை வாங்க வேண்டும். ஒரு நாட்டில் அட்டை மறுக்கப்பட்டு வந்தவர் இங்கேயும் அட்டை, முத்திரை என்றே அலைய வேண்டியிருந்தது. 1945-ல் பார் மூடப்பட்டது.

மாசசூசெட்ஸின் கடலோர ஊரான புராவின்ஸ்டவுனில் 'வலெஸ்காஸ்' என்று இன்னொரு கடை வைத்தார். குப்பையை ஜன்னல் வழியே கொட்டியதாகவும், கூட ஆடியவருக்குச் சம்பளம் தரவில்லை என்றும் வழக்கு வந்தது. நன்னடத்தைச் சாட்சி சொல்ல வந்தவர் டென்னசி வில்லியம்ஸ். தன்னை வேலையைவிட்டு அனுப்பியவருக்காக ஏன் போனாய் என்று கேட்ட நண்பர்களிடம், எனக்கு அவரைப் பிடிக்கும் என்று மட்டும் சொன்னாராம்.

1947-ல் ஐரோப்பா திரும்பினார். பாரிஸ், சூரிக் வழியாக 1949-ல், சோவியத் முற்றுகையில் இருந்த பெர்லினுக்குப் போனார். மறு ஆண்டு அங்கே 'ஹெக்சன்கூக்கே', அதாவது சூனியக்காரியின் அடுக்களை, என்ற அரங்கைத் திறந்தார். அங்கே அவர் ஏற்ற வேடங்களில் ஒன்று புகன்வால்ட் என்ற நாஜி வதைமுகாமின் தளபதியுடைய மனைவி இல்சே கோக். 1920-களில் பெர்லின்காரர்களுக்குத் தெருப்பெண்ணைக் காட்டிய அதே உத்தி. ஆனால் இப்போது அரங்கில் இருந்தவர்களில் பலர் அந்த அசலை அடையாளம் கண்டுகொள்ள விரும்பாதவர்கள். நாடு கடந்து போனதால் பார்வையாளர்களை ஒரு முறை இழந்தார், திரும்பி வந்து இன்னொரு முறை இழந்தார். எனக்கு இரண்டாவதுதான் கூடுதல் கொடுமையாகத் தெரிகிறது.

1951-ல் வடகடல் தீவான ஸில்ட்டில், காம்பன் என்ற ஊரில், 'ட்ஸீகன்ஷ்டால்' தொடங்கினார். ஆட்டுத்தொழுவம் என்று பொருள். அதுதான் நெடுங்காலம் நிலைத்தது. எழுபதைத் தாண்டிய பிறகு இத்தாலிய இயக்குநர் ஃபெலினி ஒரு படத்துக்கு அழைத்தார். 1970-ல் ஜெர்மன் திரைப்பட விருது கிடைத்தது. 1976-ல் ஃபோல்கர் ஷ்லோன்டோர்ஃப் படத்தில் நடித்தார், அவரே அடுத்த ஆண்டு கெர்ட்டைப் பற்றி ஓர் ஆவணப்படமும் எடுத்தார். அதில் 85 வயது முகத்தின் ஓரத்தில் உதடு மட்டும் நெளியும் இடங்களைப் பாருங்கள். மௌனப்படத்தில் பார்த்த அதே உதடு.

1978 மார்ச் 1-ம் தேதி, இயக்குநர் வெர்னர் ஹெர்சோக் எடுக்கவிருந்த 'நொஸ்ஃபெராட்டு' என்ற ரத்தக்காட்டேரிப் படத்தில் நாக் என்ற வீட்டுத் தரகர் வேடத்துக்குக் கெர்ட் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். இரண்டு வாரங்களுக்குப் பிறகு காம்பன் வீட்டில் இறந்துபோனார். படம் எடுக்கப்பட்டபோது அந்த வேடத்தில் நடித்தவர் ரோலான் டோபோர்.