சலாவை 2026 ஜனவரியில் விற்பது பிழை

லிவர்பூல் கழகம் தன் வலப்பக்க முன்வரிசை வீரர் முகமது சலாவை 2026 ஜனவரியில் விற்கக் கூடாது என்பதுதான், 2025 டிசம்பரில் இதை எழுதும்போது என் கட்சி. டிட்வா புயல் வெள்ளம் வடிந்து, வன்னியில் எங்கள் விசுவமடுப் பக்கம் கரண்டும் சிக்னலும் ஒழுங்காக வந்த நாளிலிருந்து எங்கள் பெடியளோடு எனக்கு இதே வாக்குவாதம்தான். வயல் எவ்வளவு மிஞ்சும் என்று இன்னும் ஒருவருக்கும் தெரியாது, பாதி இடத்தில் பயிர் அழுகிப் போய்க் கிடக்கிறது, இந்த நேரத்தில் உதைபந்தாட்டமா என்று வீட்டில் கேட்கிறார்கள். ஆனால் அந்த இரண்டு மணித்தியாலம் வேறு ஒன்றையும் நினைக்காமல் இருக்க எங்களுக்கு இது ஒன்றுதான் இருக்கிறது.

பெடியளின் கட்சி லேசானதல்ல. "அண்ணை, 33 வயசு. முந்தின மாதிரி ஓடுறானில்லை, திரும்பி வந்து மறிக்கிறானில்லை. சவூதிக்காரன் காசு குடுக்கேக்க வித்துப்போட்டு ஒரு இளம் பெடியனை எடுக்கிறதுதான் புத்தி." 2025 நவம்பர் முடியும்போது 2025-26 பருவத்தில் இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் அவர் அடித்தது 4 கோல்தான். அணி 12 மேட்சில் 9 தோற்றது. பிறகு மனேஜர் ஸ்லொட் அவரை மாற்று வீரர்களோடு வெளியில் வாங்கில் இருத்தினார். டிசம்பர் 6, லீட்ஸோடு எங்கள் நேரம் இரவு 11 மணிக்குத் தொடங்கிய மேட்சில் 2-0 என்று முன்னுக்கு நின்று, கடைசி நிமிடத்தில் 3-3 ஆக்கிக்கொண்டு வந்தார்கள், சலாவை இறக்கவே இல்லை. மேட்ச் முடிந்து அவர் கொடுத்த பேட்டிதான் எல்லாவற்றையும் கிளப்பிவிட்டது: பழி முழுவதையும் கழகம் தன் தலையில் கட்டுகிறது, மனேஜரோடு உறவு முறிந்துவிட்டது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்.

அந்தப் பேட்டி எனக்கும் பிடிக்கவில்லை. உள்ளுக்குள் கதைத்து முடித்திருக்க வேண்டிய விஷயம். ஆனால் ஒரு பேட்டிக்காக ஒரு வீரனைத் தள்ளிவிடுகிறோமா, ஆட்டத்துக்காகத் தள்ளிவிடுகிறோமா என்பதை முதலில் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டையும் கலந்து கதைப்பதால்தான் எங்கள் வாக்குவாதம் ஒரு முடிவுக்கும் வராமல் போகிறது.

ஆட்டத்தை எடுப்போம். 2024-25 பருவத்தில் இதே மனிதர் லீக்கில் 29 கோல் அடித்து 18 கோலுக்குப் பந்து கொடுத்தார். 38 மேட்ச் பருவத்தில் அதுவரை யாரும் செய்யாத கணக்கு அது. லிவர்பூல் சம்பியனானது, 2025 ஏப்ரலில் 2027 வரைக்கும் ஒப்பந்தத்தை நீடித்தார்கள். சில மாதத்தில் ஒருவருக்குக் கால் இல்லாமலா போய்விடும்? அந்த வருடம் சலாவை மறிப்பதற்காக அதிகம் திரும்பி ஓடவேண்டாம் என்று விட்டிருந்தார்கள், நடுவில் நின்றவர்கள் அந்த இடத்தை மூடினார்கள். அவருக்குப் பின்னால், வலப்பக்கப் பின்வரிசையில், அலெக்சாண்டர்-ஆர்னோல்ட் இருந்தார். பந்து ஆர்னோல்டின் காலுக்கு வரும்போதே சலா ஓடத் தொடங்கியிருப்பார், பந்து சலாவுக்கு முன்னால் போய் விழும். இப்போது ஆர்னோல்ட் ரியல் மட்ரிட்டில். அந்த இடத்தில் ஒரு கிழமை பிராட்லி, ஒரு கிழமை சொபோஸ்லாய், பிறகு கோமஸ், பிரிம்போங் காயம். இந்தப் பருவ மேட்சுகளைப் பார்த்தால் ஒன்று தெரியும்: சலாவுக்குப் பந்து வரும்போது அவர் கோட்டோரத்தில் நிற்கிறார், கோலுக்கு முதுகைக் காட்டியபடி, முன்னால் இரண்டு பேர், பின்னால் ஒருவருமில்லை, அவர் பந்தைத் திருப்பிப் பின்னுக்கே கொடுக்க வேண்டியிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு "அவன் முடிஞ்சான்" என்கிறார்கள். வயது ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் முழுக் காரணமும் அதுவல்ல.

இன்னொன்று. 2025 ஜூலையில் ஜோட்டா விபத்தில் இறந்தார். கூட விளையாடியவன், ஒரே அறையில் உடுப்பு மாற்றியவன். ஆகஸ்ட்டில் முதல் லீக் மேட்ச் முடிந்து சனம் ஜோட்டாவின் பாட்டைப் பாடும்போது சலா மைதானத்தில் தனியாக நின்று அழுதார். வன்னியில் இருக்கிற எங்களுக்கு, ஆளை இழந்த வருடத்தில் ஒரு வேலையும் ஓடாது என்று யாரும் விளக்கத் தேவையில்லை.

சரி, விற்பதே பிழையா என்றால் இல்லை. லிவர்பூலின் சொந்தக் கதையே இரண்டு பக்கமும் சாட்சி சொல்லும். 2014இல் முன்வரிசை வீரர் சுவாரெஸை பார்சிலோனாவுக்கு விட்டார்கள். முடிந்திருந்த பருவத்தில் அவர் மட்டும் லீக்கில் 31, அணி மொத்தம் 101 கோல், இரண்டாம் இடம். அடுத்த பருவம் 52 கோல், ஆறாம் இடம், கடைசி மேட்சில் ஸ்டோக்கிடம் 6-1. வந்த காசில் பலோட்டெல்லி, மார்கோவிச், லல்லானா, லொவ்ரன் என்று ஆள் ஆளாக வாங்கினார்கள், ஆனால் சுவாரெஸ் செய்த வேலையைச் செய்ய ஒருவரும் வரவில்லை. 2018 ஜனவரியில் கூட்டின்ஹோவை விற்றது வேறு கதை. 142 மில்லியன் பவுண் வரை பெறுமதியான வியாபாரம். அதே ஜனவரியில் பின்வரிசையில் மறிக்க 75 மில்லியனுக்கு வான் டைக், அந்தக் கோடையில் கோல் காக்க அலிசன். அணிக்கு எது இல்லை என்று தெரிந்து, அதைத்தான் வாங்கினார்கள். 2019இல் சம்பியன்ஸ் லீக், 2020இல் லீக். ஆகவே என்னுடைய கேள்வி, நட்சத்திரத்தை வைத்திருப்பதா விடுவதா என்பதல்ல. அவன் போன அடுத்த நாள் அந்த இடத்தில் யார் நிற்பான்?

இதற்கு இன்று பெடியளிடமும் பதில் இல்லை, கழகத்திடமும் இருப்பதாகத் தெரியவில்லை. 2025 கோடையில் 400 மில்லியன் பவுணுக்கு மேல் செலவழித்து ஈசாக், விர்ட்ஸ், எகிடிகே என்று முன்வரிசையையே மாற்றினார்கள். அதில் வலப்பக்கத்தில் சலாவின் இடத்துக்கென்று ஒருவர்கூட இல்லை! பருவத்தின் நடுவில், ஒரு மாதச் சந்தையில், யாரைப் போய்ப் பிடிப்பது?

எங்கள் ஊர்க் கழகங்களிலும் நான் பார்ப்பது இதைத்தான். நல்லா விளையாடுகிற பெடியன் நிர்வாகத்தோடு கொளுவுப்பட்டு அடுத்த ஊருக்குப் போவான், வருகிற சுற்றுப்போட்டியில் எங்களுக்கே கோல் அடிப்பான். கூட்டத்தில் அவன் திமிரைப் பற்றி ஒரு மணித்தியாலம் கதைப்பார்கள். அவன் இடத்தில் யாரை இறக்குவது என்று கதைக்க நேரம் இருக்காது. பக்கத்து வயல்காரர் ஒருவர் எங்கள் சண்டையைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "புது லான்ட்மாஸ்டர் வளவுக்கு வந்த பிறகுதான்ரா பழசை விக்கிறது" என்றார், உழவு மெஷினைச் சொல்லி. அவருக்கு சலா யாரென்றே தெரியாது.

காசைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2023 செப்டம்பரில் சவூதிக் கழகம் அல் இத்திஹாத் 150 மில்லியன் பவுண் வரை தருவதாகக் கேட்டும் லிவர்பூல் கொடுக்கவில்லை. அன்றும் இதே கதைதான், 31 வயதாகிறது, இந்த விலை இனி வராது என்று. வரவில்லைதான். ஆனால் கொடுத்திருந்தால் 2025 லீக் கிண்ணம் வந்திருக்குமா? வந்திருக்காது என்பதுதான் என் எண்ணம்.

பேட்டிக்குப் பிறகு சம்பியன்ஸ் லீக்கில் இத்தாலியின் இன்டர் மிலானோடு நடந்த மேட்சுக்கு அவரை விட்டுவிட்டுப் போனார்கள், வென்றும் வந்தார்கள். அதோடு முடிந்தது என்று எல்லாரும் நினைத்தோம். ஆனால் டிசம்பர் 13 பிரைட்டனோடு, கோமஸ் காயப்பட 26ஆவது நிமிடத்தில் சலாவை இறக்கினார் ஸ்லொட். அவர் அடித்த கோர்னரைத்தான் எகிடிகே தலையால் இரண்டாவது கோலாக்கினார். ஒரே கழகத்துக்காக லீக்கில் அடித்தும் பந்து கொடுத்தும் அதிக கோல்களில் பங்கெடுத்தவர் என்ற, மன்செஸ்டர் யுனைட்டட் ரூனியின் சாதனையும் அன்று உடைந்தது: 277.

இதை எழுதும் 2025 டிசம்பரில் சலா தன் நாடான எகிப்தின் அணியோடு மொரோக்கோவில். அங்கே நடக்கிற ஆபிரிக்கக் கிண்ணம் 2026 ஜனவரி 18இல் முடிகிறது. திரும்பி வந்ததும் அவரும் ஸ்லொட்டும் உட்கார்ந்து கதைக்கட்டும். எல்லா மேட்சும் முழுதாக விளையாட வேண்டியதில்லை, கடைசி அரை மணித்தியாலம் இறக்கினாலே எதிரணி பின்னுக்குப் போகும். கோடையில் போக விரும்பினால் போகட்டும், அதற்குள் வலப்பக்கத்துக்கு ஒருவரையும் அவருக்குப் பின்னால் ஒழுங்கான ஒருவரையும் கழகம் தேடி வைக்கட்டும்.